ஹால் பத்தவில்லை: கடலூரில் மூத்தோர் மன்றம் நடத்துகிறவர்கள் வாருங்கள்

கேள்வி: புதுப்பாளையம் வாசகர், 8 செப்டம்பர் 2024

ஓய்வு பெற்ற நண்பர்கள் சேர்ந்து புதுப்பாளையத்தில் ஒரு வீட்டு மாடியில் மன்றம் ஆரம்பித்தோம். கேரம், பேப்பர், டீ, அவ்வளவுதான். இப்போது அறுபது பேருக்கு மேல் வருகிறார்கள். இடமில்லாமல் படியில் உட்காருகிறார்கள். பெரிய ஹாலாகப் பார்க்கலாம் என்று பாதிப் பேர், பெரிதானால் கெட்டுப்போகும் என்று பாதிப் பேர். நான் பெரிய ஹால் கட்சி. கூட்டம் சேர்ந்தால் நல்லதுதானே? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: திருப்பாதிரிப்புலியூர் மன்றச் செயலாளர், 9 செப்டம்பர் 2024

மாடி என்கிறீர்களே சார், முதலில் அங்கிருந்து இறங்குங்கள். அறுபது பேர் வருகிறார்கள், சரி. படி ஏற முடியாமல் வராதவர்களை யாராவது கணக்கெடுத்தீர்களா?

எங்கள் மன்றம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய வீட்டின் முன்கட்டில் நடக்கிறது. நான் தபால் துறையில் ஓய்வு பெற்றவள். செயலாளர் வேலை என் தலையில் விழுந்து பல வருடம் ஆகிறது. ஹால் பெரிதா சிறிதா என்று பேசுவதற்கு முன்னால் கழிவறையைப் பாருங்கள் என்பேன்.

வராததற்கு முட்டிவலி, வெயில், மருமகள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று எத்தனையோ காரணம் சொல்வார்கள். வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. ரத்த அழுத்தத்துக்குக் காலையில் நீர் மாத்திரை போடுகிறவர்கள் அடுத்த சில மணி நேரம் அடிக்கடி போய்வர வேண்டியிருக்கும். கழிவறை எங்கே இருக்கிறது, தாழ்ப்பாள் ஒழுங்காக விழுமா, உட்கார்ந்து எழ முடியுமா என்று தெரியாத இடத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள். பெண்கள் இன்னும் யோசிப்பார்கள். தண்ணீரே குடிக்காமல் கிளம்பி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடலூர் வெயிலில் அது வேறு வம்பு.

எங்கள் இடத்தில் இருந்த இந்தியன் டாய்லெட்டை வெஸ்டர்னாக மாற்றினோம். சுவரில் பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி, சொரசொரப்பான தரை. கதவையும் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். உள்பக்கம் திறக்கிற கதவென்றால், யாராவது உள்ளே விழுந்துவிட்டால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். இந்தச் செலவு எதற்கு என்று முணுமுணுத்த கேரம் கோஷ்டி, அதற்குப் பிறகு வர ஆரம்பித்த பெண்கள் கூட்டத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டது.

நாற்காலியும் அப்படித்தான். கைப்பிடி உள்ளதாக வாங்குங்கள். எழுந்திருக்கும்போது ஊன்ற ஏதாவது வேண்டும். ஸ்டூல், ஜமக்காளம் எல்லாம் கச்சேரிக்கு வருகிற இளவட்டங்களுக்கு.

9 செப்டம்பர், இரவு

டீயைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. இரண்டு பிளாஸ்க். ஒன்றில் சர்க்கரை போட்டது, இன்னொன்றில் போடாதது. யார் எதிலிருந்து ஊற்றிக்கொள்கிறார்கள் என்று யாரும் கண்காணிக்கக் கூடாது என்று எங்களிடம் தீர்மானமே உண்டு. அது அவருக்கும் அவர் வீட்டு அம்மாவுக்கும் உள்ள விவகாரம்.

ஆனால் அலமாரியில் ஒரு டப்பா சர்க்கரை எப்போதும் இருக்கட்டும். சுகர் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்துவிடுகிறவர்கள் உண்டு. திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு தடுமாறினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவோடு விழுங்க முடிகிறவர் என்றால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

15 செப்டம்பர் 2024

"கல்யாண மண்டபக்காரர் சும்மா தருகிறேன் என்கிறார்" என்று கேட்டிருந்தீர்கள். தருவார். ஆடியிலும் மார்கழியிலும் தாராளமாகத் தருவார். தை பிறந்தால் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் நீங்கள் தெருவில் நிற்பீர்கள். இன்று உண்டா இல்லையா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு வரவேண்டிய இடம் எழுபது வயதுக்காரருக்குச் சரிப்படாது. அவருக்கு அதே நேரம், அதே நாற்காலி, அதே ஜன்னல் வேண்டும்.

கோயில் மண்டபம் என்றால் முதுநகரிலிருந்து வரும் பாய் வீட்டு அம்மாவும் சர்ச்சுக்குப் போகிற நம் டீச்சரும் தயங்குவார்கள். வராதே என்று யாரும் சொல்லமாட்டார்கள், அவர்களாகவே நின்றுவிடுவார்கள். சாதிச் சங்கக் கட்டடம் என்றால் கேட்கவே வேண்டாம். வாசலில் இருக்கிற போர்டை நம் ஆட்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். எந்தப் பெரிய மனிதர் படமும் மாட்டாத, வாடகை கொடுத்து எடுத்த சின்ன வீடுதான் என் ஓட்டு. வாடகை கொடுத்தால் நமக்கும் ஒரு கெத்து இருக்கும்.

16 செப்டம்பர் 2024

மண்டபத்தைப் பற்றி நேற்று எழுதிவிட்டுப் படுத்தபோது தோன்றியது. இடம் கிடைத்தாலும் பெரிய ஹால் நமக்கு ஆகாது, காரணம் காது.

வயதானால் முதலில் போவது கீச்சென்ற, மெல்லிய ஒலிகள்தான். ச, த, ப எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். உயரமான கூரை, மொழுமொழுவென்று டைல்ஸ் தரை உள்ள இடத்தில் நாற்பது பேர் பேசினால் எல்லாம் எதிரொலித்து ஒரே இரைச்சல். காது மெஷின் போட்டவருக்கு அந்த இரைச்சலும் சேர்ந்து பெரிதாகக் கேட்கும், அவர் மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். அதோடு அவர் கதை முடிந்தது, சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மைக் வைத்தால் இன்னும் மோசம்.

சின்ன அறை, ஜன்னலுக்குத் துணித் திரை, வட்டமாக நாற்காலி. எதிரில் இருப்பவர் வாயைப் பார்க்க முடிந்தால் பாதி காது கேட்ட மாதிரி.

அப்படியானால் அறுபது பேரை என்ன செய்வது? நேரத்தைப் பிரியுங்கள். எங்களிடம் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை ஒரு கூட்டம், மாலை நாலரையிலிருந்து ஆறரை வரை ஒரு கூட்டம். ஆண்கள் இன்ன நேரம் பெண்கள் இன்ன நேரம் என்று யாரும் விதி போடவில்லை. காலை வேலை முடிந்து, மத்தியானத்துக்கு உலை வைத்துவிட்டுப் பெண்கள் காலையில் வருகிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்கூல் வேனிலிருந்து பேரனை இறக்க வேண்டியவர்களும் அவர்களேதான். தாத்தாக்களுக்கு மாலைதான் வசதி. ஓய்வு பெறாத ஓய்வு பெற்றவர்கள் யார் என்று இதிலேயே தெரியும்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. செம்மண்டலம், வண்டிப்பாளையம், கூத்தப்பாக்கம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பஸ் படியின் உயரம்தான் பாக்கிப் பிரச்சனை.

20 செப்டம்பர் 2024

"நேரத்தைப் பிரித்தால் மன்றமே இரண்டாகப் பிரிந்துவிடாதா" என்று கேட்கிறீர்கள். உங்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரிதானால் ஒன்று கெடும். எது என்று சரியாகத் தெரிந்துகொண்டால் அதை மட்டும் காப்பாற்றலாம்.

இருபது பேர் இருக்கும்போது ஒருவர் வரவில்லை என்றால் உடனே தெரியும். அறுபது பேரில் தெரியாது. எங்கள் உறுப்பினர் ஒருவர் வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டு நேரக் கூட்டத்தில், காலையில் வந்திருப்பார் என்று மாலைக்காரர்களும், மாலையில் வருவார் என்று காலைக்காரர்களும் நினைத்துக்கொண்டார்கள். மகள் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வருகைப் பதிவேட்டைத் தூக்கி வைத்துவிட்டு வராதவர் பதிவேடு போட்டோம். தபால்காரருக்கு பீட் உண்டு இல்லையா, அந்த மாதிரி ஊரைத் தெருவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பீட்டுக்கும் ஒருவர் பொறுப்பு. அவர் பீட்டில் எட்டுப் பத்து பேர். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஒருவரைக் காணவில்லை என்றால் போன், எடுக்காவிட்டால் நேரில். முக்கியமாக, பீட் பொறுப்பு எப்போதும் சுறுசுறுப்பாக ஓடுகிறவரிடம் போகக்கூடாது. நடக்க முடியாமல் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவரிடம் கொடுங்கள். எங்கள் கெட்டிக்காரப் பீட்காரம்மா வீட்டை விட்டு வெளியே வருவதே அபூர்வம், தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை தெரியும்.

1 அக்டோபர் 2024

இன்று முதியோர் தினம். சால்வை சீசன். ஒரே ஆளுக்கு மூன்று சால்வை போட்டு, மூன்று கோஷ்டி போட்டோ எடுத்துக்கொண்டு போயிற்று. சால்வைக்குப் பதில் ஒரு சீலிங் ஃபேன் கொடுங்கள் என்று கேட்டால் ஒருவரும் நின்று பேசுவதில்லை. ஃபேனுக்குக் கழுத்து இல்லையே, போர்த்திப் படம் எடுக்க முடியாது.

6 அக்டோபர் 2024

பணம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம். ஆனால் உறுப்பினர் 20-ஐத் தாண்டினாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டினாலோ பதிவு செய்தே ஆகவேண்டும். நாம் டீ குடிக்கிற கூட்டம்தானே என்று நீங்கள் நினைத்தாலும், அறுபது பேர் சந்தா கட்டினால் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டியாயிற்று. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் துணை விதிகளோடு கொடுக்கவேண்டும். புதுச்சேரி நண்பர்கள் குழம்பவேண்டாம், உங்களுக்கு 1860-ம் வருடத்துச் சட்டம்.

வங்கிக் கணக்கு இரண்டு கையெழுத்தில். மாத வரவு செலவை வாசலில் சாக்பீஸில் எழுதிப் போடுங்கள். அச்சடித்த கணக்கை ஒருவரும் படிப்பதில்லை, கரும்பலகையில் எழுதினால் பால் கணக்கில் மூன்று ரூபாய் உதைத்தாலும் பிடித்துவிடுகிறார்கள். அத்தனை ரிடையர்டு ஆடிட் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

7 அக்டோபர் 2024

சீட்டு விளையாடலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டார். ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் கேஸ் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் அந்தத் தீர்ப்பு உதவும், அதற்கு முன்னால் ஸ்டேஷன் ஒன்று இருக்கிறது. காசு மேஜைக்கு வரக்கூடாது. புளியங்கொட்டை வைத்து ஆடுங்கள். எங்களிடம் புளியங்கொட்டைக்கே ஒரு சம்பந்திச் சண்டை நடந்தது, இன்னமும் இரண்டு பேர் எதிரெதிர் மூலையில் உட்காருகிறார்கள்.

பெண்கள் பக்கம் தாயமும் பல்லாங்குழியும். அங்கே சண்டை இல்லை என்று எழுத ஆசை.

20 அக்டோபர் 2024

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். அவர் அப்பா பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கிய சொல்தாவாம், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். "பிரான்சில் வயதானவர்களுக்குப் பல்கலைக்கழகமே இருக்கிறது, நீங்கள் இன்னமும் கேரம் போர்டிலேயே நிற்கிறீர்கள்" என்கிறார்.

உண்மைதான். 1973-ல் துலூஸ் நகரத்தில் முதியோருக்கென்று பல்கலைக்கழக வகுப்புகள் ஆரம்பித்தார்கள். பேராசிரியர் பாடம் நடத்துவார், இவர்கள் கேட்பார்கள். அது இங்கிலாந்துக்குப் போனபோது 1980-களின் தொடக்கத்தில் வேறு மாதிரி ஆயிற்று. அங்கே பேராசிரியரும் இல்லை, பரீட்சையும் இல்லை. உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது. தோட்டம் தெரிந்தவர் தோட்டம், வரலாறு தெரிந்தவர் வரலாறு.

எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. வெளியிலிருந்து ஆளைக் கூப்பிட்டு யோகா, சிரிப்புப் பயிற்சி, ஞாபகசக்திப் பயிற்சி என்று வரிசையாக வைத்துப் பார்த்தோம். முதல் நாள் கூட்டம், மூன்றாவது வாரம் பயிற்சியாளரும் நானும். ஆனால் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர் மிக்ஸியைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் சொல்லிக்கொடுத்தபோது அறை நிரம்பியது. அவருக்கும் ஒரு வாரம் தூக்கமில்லை, அடுத்து எதைப் பிரிக்கலாம் என்று.

நியூயார்க்கில் 1943-ல் ஆரம்பித்த முதியோர் மையத்தின் கதையும் இதுதான். உதவித்தொகை அலுவலகத்துக்கு வயதானவர்கள் வேலையே இல்லாமல் வந்து பேசிக்கொண்டு நிற்பதைப் பார்த்துத்தான் அங்கே தனியாக ஓர் இடம் கொடுத்தார்கள். தபாலாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்த எனக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஒரு கார்டு வாங்க அரை மணி நேரம் நிற்பார்கள்.

4 நவம்பர் 2024

நவம்பர் வந்துவிட்டது, உயிரோடு இருக்கிறோம் என்று பென்ஷன்காரர்கள் காட்டவேண்டிய வாழ்நாள் சான்று. ரயில்வே, தபால், ராணுவம் என்று மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் இந்த மாதம் கொடுக்கவேண்டும். 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபர் முதலே திறந்துவிடும். மாநிலக் கருவூலத்தின் நேர்காணல் கணக்கு வேறு, வருங்கால வைப்பு நிதிப் பென்ஷன் கணக்கும் வேறு. மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டு ஒருவர் எல்லா ஆபீஸ் வாசலிலும் நின்றுவிட்டு வந்தார்.

ரேகை விழாதவர்களுக்குத்தான் அவதி. வயதானால் விரல் ரேகை தேய்ந்துவிடும், காலமெல்லாம் கையால் உழைத்தவர்களுக்கு இன்னும் மோசம். இப்போது முகத்தைக் காட்டியே போனில் சான்று எடுக்கலாம். வெளிச்சம் முகத்தில் விழவேண்டும், கண் சிமிட்டச் சொல்லும்போது சிமிட்டவேண்டும். கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் "அப்புறம் எங்கே சிமிட்டுவது என்று எனக்கு எப்படித் தெரியும்" என்கிறார் எங்கள் ராணுவத்துக்காரர்.

இதையொட்டி மோசடி போன்களும் வருகின்றன. பென்ஷன் நிற்கப்போகிறது, கரண்ட் இன்றிரவு கட், உங்கள் பெயரில் பார்சலில் போதைப்பொருள், வீடியோவில் கைது. எங்களிடம் வாரம் ஒரு நாள் அவரவருக்கு வந்த புரளி மெசேஜை உரக்கப் படிக்கும் நிகழ்ச்சி உண்டு. நல்ல நடிகர்கள் கிளம்பியிருக்கிறார்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் செய்யவேண்டும். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை.

5 டிசம்பர் 2024

கரண்ட் இப்போதுதான் வந்தது. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல். இங்கே புயல் போய்விட்டது என்று மூச்சு விட்டபோது சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்து பெண்ணையாறு பொங்கியது. குண்டு உப்பலவாடிப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர்.

2011 தானே புயலைப் பார்த்தவர்கள் நாங்கள். சுனாமியையும் பார்த்தவர்கள். அதனாலேயே "இதெல்லாம் ஒரு மழையா" என்று நகர மறுக்கிற ஆட்களும் எங்களில்தான் அதிகம். பீட் முறை இதற்குத்தான் உதவியது. கரைப்பக்கம் இருந்தவர்களை முதலிலேயே பேசிப் பேசி உறவினர் வீட்டுக்கு அனுப்பினோம். மாத்திரை இரண்டு வாரத்துக்கு இருக்கிறதா, யாருக்கு இன்சுலின், யார் வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடாது என்று பட்டியல் கையிலிருந்தது. இன்சுலினை மண்பானை ஈரமணலில் வைக்கும் பழைய வித்தையை எங்கள் நர்ஸம்மா போனிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். டவர் போன பிறகு பீட்காரரின் பேரன் சைக்கிள்.

ஹால் பெரிதாக இருந்திருந்தால் இதில் எது நடந்திருக்கும் சார்?

6 டிசம்பர் 2024

நேற்று கடைசி வரி கொஞ்சம் காரமாகிவிட்டது. பெரிய ஹால் இருந்தால் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களைத் தங்கவைக்கலாமே என்று நீங்கள் கேட்டதும் சரிதான். ஆனால் அதற்குப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, ஜெனரேட்டர் இல்லாத மன்றத்தில் போய் யாரும் படுக்கமாட்டார்கள்.

19 ஜனவரி 2025

இது இந்த இழைக்கு வெளியே போகிறது, இருந்தாலும். மன்றம் வளர்ந்தால் வீட்டுக் கதைகளும் உள்ளே வரும். சொத்தை எழுதிக்கொடுத்துவிட்டுச் சோற்றுக்கு நிற்கிறவர்கள் வருவார்கள். பஞ்சாயத்து செய்யாதீர்கள், மகனைக் கூப்பிட்டு அறிவுரை சொல்லாதீர்கள். அவர் மறுநாளிலிருந்து அம்மாவை மன்றத்துக்கே அனுப்பமாட்டார்.

2007-ம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது, பராமரிப்புக்கு மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். கவனித்துக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்யவும் பிரிவு 23 இடம் தருகிறது. ஆகவே எழுதிக்கொடுக்கப் போகிறவர்களிடம் சொல்லுங்கள்: நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லட்டும். 14567 என்ற முதியோர் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக ஒட்டுங்கள். கூடப் போய் உட்கார ஒரு துணை கொடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

2 பிப்ரவரி 2025

தேவனாம்பட்டினத்து ஆட்கள் ஏன் வருவதில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். போய்ப் பேசினேன். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர், "நாங்க இங்கதாம்மா இருக்கோம், நீங்க வாங்க" என்றார். அவர்களுக்கு மன்றம் ஏற்கெனவே இருக்கிறது, காற்றும் உண்டு. அவர்களைக் கூட்டிவந்து கேரம் முன்னால் உட்காரவைப்பது நம் ஆசை, அவர்கள் தேவை இல்லை.

வேறு ஒரு கூட்டம்தான் உறுத்துகிறது. மாதம் 1,200 ரூபாய் அரசு உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவர்கள். சந்தா வேண்டாம் என்றாலும் வருவதில்லை. பென்ஷன்காரர்களின் பேச்சு டி.ஏ. (அகவிலைப்படி) உயர்வு, அமெரிக்கா மகன் என்று போகும்போது அவர்கள் எங்கே கலந்துகொள்வார்கள்? டி.ஏ. பேச்சுக்குத் தடை போட்டால் மாலைக் கூட்டம் காலியாகிவிடும். இதற்கு என்னிடம் இன்னும் வழியில்லை. யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

16 பிப்ரவரி 2025

புதுப்பாளையத்துக்காரர் கீழ்வீடு பார்த்துவிட்டாராம், இரண்டு அறை, பின்னால் கழிவறை. ஹால் கட்சியிலிருந்து விலகிவிட்டீர்களா என்று கேட்டேன், "வாடகை கம்மி" என்கிறார். சரி, ஏதோ ஒரு காரணம்.

மின் இணைப்பு வீட்டுக் கணக்கா கடைக் கணக்கா என்று கையெழுத்துக்கு முன்னால் கேட்டுவிடுங்கள். சாவி இரண்டு செட், ஒன்று காலைக்காரர் ஒருவரிடம், ஒன்று மாலைக்காரரிடம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் போன டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று விசாரியுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டில் கேளுங்கள்.